யாரும் நேராத காப்பு

"அடியே ஜெயந்தினி! கூடையத் தலையில மாட்டாம முதுகுல மாட்டிக்கிட்டுப் போறியே, அப்புடி எத்தன கிலோ கொழுந்துடி பறிச்ச?"

மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமலே சிரித்தார்கள். கீழே குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த ஜெயந்தினி நின்று மூச்சு வாங்கினாள். அவள் முதுகில், இடுப்பில் தொடங்கி உச்சந்தலை வரை எழும்பி நின்றது ஒரு நீலப் பை.

"கொழுந்து இல்லக்கா, செங்கல்லு."

"செங்கல்லா? என்ன, மாளிகை கட்டப் போறியா?"

"பாரம் தூக்கிப் பழகுறேன். நேபாளத்துல இந்தப் பையோடதான் மலை ஏறணும்."

"மலையில பொறந்தவளுக்கு மலை ஏறப் பழக்கமாம்! கேட்டீங்களாடி கூத்த!"

"சரி, சம்பளம் என்ன தர்றாங்க?" என்றாள் இன்னொருத்தி.

"சம்பளம் கெடையாதுக்கா. சிரமதானம் மாதிரி."

இப்போதுதான் பறித்த கைகள் நின்றன. வேலைக்கென்று வெளிநாடு போன பெண்கள் அந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தி உண்டு. சும்மா வேலை செய்ய வெளிநாடு போகிறவளை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள்.

"சிரமதானமா? இந்தா, அஞ்சாம் நம்பர் லயத்துத் தண்ணிக் கான் மண்ணு நெறஞ்சு கெடக்கு. அத வெட்டி விட்டுட்டுப் போயேன்டி, புண்ணியமாப் போகும்!"

மறுபடியும் சிரிப்பு. ஜெயந்தினியும் சேர்ந்து சிரித்துவிட்டு ஏறினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கேலி செய்கிற வாயெல்லாம் தன்னை வழியனுப்ப வரும் வாய்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு மேலே இருந்தது அந்தத் தோட்டம். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஜெயந்தினி உதவி ஆசிரியை. போன மழையில் பக்கத்துத் தோட்டத்தில் மண் சரிந்து இரண்டு லய வீட்டு வரிசைகள் புதைந்தபோது, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். மண்ணை அள்ளினார்கள், சமைத்துப் போட்டார்கள், பேரைக்கூடச் சொல்லாமல் போனார்கள். அந்த முகாமில்தான் ஹட்டன் இல்மா அவளுக்குச் சிநேகிதி ஆனாள். சாக்குகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது இல்மா கேட்டாள்: "நமக்கு யாரோ வந்து செய்யிறாங்களே, நாம யாருக்குப் போய்ச் செய்யப் போறோம்?"

அந்தக் கேள்வி ஜெயந்தினியை விடவில்லை. கொழும்பிலிருந்த இளைஞர் அமைப்பொன்று நேபாளத்துக்குத் தொண்டர்களை அனுப்புகிறது என்று தெரிந்ததும் இருவரும் விண்ணப்பித்தார்கள். இருவரும் தெரிவானார்கள். ஒரு மலைக் கிராமத்தில் சரிந்துபோன பள்ளிக்கூடத்தைக் கட்ட உதவ வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வரலாம். சித்திரை வருடப் பிறப்பு முடிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை விமானம்.

இல்மாவின் தகப்பனார் இஸ்ஸதீன் ஹட்டனில் செருப்பும் பையும் விற்பவர். மகளை அனுப்ப அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஜெயந்தினி போறதுன்னா நீயும் போ. அந்தப் புள்ள போகலன்னா நீயும் இல்ல."

மலையேறும் சப்பாத்துகளை அவரே தெரிந்தெடுத்துக் கொடுத்தார். "புதுசாப் போட்டுக்கிட்டு மலை ஏறினா காலு கொப்புளிச்சிரும் மகள். இப்ப இருந்தே போட்டுப் பழகுங்க," என்றார். அன்றிலிருந்து ஜெயந்தினி பிள்ளைக் காம்பராவுக்கும் அந்தச் சப்பாத்தோடுதான் போனாள். இருவரும் நல்லதண்ணிக்குப் போய்ச் சிவனொளிபாதமலை ஏறி இறங்கினார்கள். கைப்பேசியைப் பார்த்து நேபாளி எண்கள் படித்தார்கள். "ஏக், துயி, தீன்" என்று அவள் சொல்ல, பிள்ளைக் காம்பராவின் வாண்டுகளும் கூடவே கத்தின.

வீட்டில்தான் சிக்கல். அம்மா காளியாயி குவைத்தில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியவள். அங்கே என்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொன்னதில்லை. வலது முழங்கைக்கு மேலே இஸ்திரிப் பெட்டி அகலத்துக்கு ஒரு தழும்பு மட்டும் உண்டு.

"சம்பளம் குடுத்தவனே என்னைய மனுசியா நடத்தல. சம்பளமில்லாமக் கூப்புடுறவன் எப்புடி நடத்துவான்?" என்றாள், முதல் நாளே. "சும்மா ஒழைச்சுக் குடுக்க நம்ம பாட்டன் பூட்டன் காலமே போதும்டி. நீ வேற போகணுமா?"

ஜெயந்தினியும் சூடாக ஏதோ சொல்லிவிட்டாள். அன்றோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு குறைந்தது. ரொட்டி வெந்துவிட்டது, தண்ணீர் வருகிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மற்றதெல்லாம் அண்ணன் நிரோஷன் வழியாகத்தான். "அம்மாகிட்டச் சொல்லுண்ணே." "அவகிட்டச் சொல்லுடா."

அப்பா இறந்த பிறகு அந்த வீட்டுக்குத் தூண் நிரோஷன்தான். மஸ்கெலியா டவுனில் த்ரீவீலர் ஓட்டினான். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். எல்லோருக்கும் வேண்டியவன். அதற்குக் காரணம் ஒன்றுதான்: அவன் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்ததே கிடையாது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வாடகை ஹயருக்குக் கூப்பிட்டாலும் இரண்டு பேருக்கும் "வந்துர்றேன்" என்பான். ஒருவர் காத்துக் கிடந்து ஏசுவார். மறுநாள் அவன் சிரிக்கிற சிரிப்பில் அவரும் மறந்துவிடுவார்.

கடவுச்சீட்டு எடுக்க ஜெயந்தினியைக் கூட்டிக்கொண்டு போனது அவன். நேர்முகத்துக்குக் கொழும்பு வரை துணைக்கு வந்தது அவன். நீலப் பையைத் தேடிப் பிடித்து வாங்கி வந்ததும் அவன்தான்.

"அம்மா விடமாட்டாங்க போலண்ணே."

"அம்மாவ நான் பாத்துக்கிறேன். நீ போறதுக்கு ரெடியாகு. நம்ம தோட்டத்துல இருந்து ஒருத்தி சம்பளத்துக்கு இல்லாமப் போறான்னா அது எனக்குப் பெருமை இல்லையா?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினாள்!

நிரோஷனுக்கும் அப்போது நல்லநேரம். உடப்புசல்லாவைப் பக்கம் சர்மிளா என்றொரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். வைகாசியில் நிச்சயம். பெண்ணின் தகப்பனார் கண்டிப்பான மனிதர் என்று கேள்வி. நிரோஷன் கைப்பேசியில் அவரிடம் பேசும்போது எழுந்து நின்றுகொள்வான்.

வழக்கமாகப் பங்குனியில் முடிந்துவிடும் மாரியம்மன் திருவிழா அந்த வருடம் தள்ளிப்போனது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கமிட்டியில் முடிவெடுத்ததாக நிரோஷன் சொன்னான். வருடப் பிறப்புக்கு மறுநாள் அவன் ஜெயந்தினியைத் தண்ணீர்ப் பீலியடிக்குத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஒரு விசயம். அம்மா உனக்காக நேந்துருக்காங்க."

"என்னாது?"

"நீ நல்லபடியாப் போயிட்டு வரணும்னு. மொதல் முளைப்பாரி உன் கையால வளக்கிறதா அம்மனுக்கு நேந்துக்கிட்டாங்க. உங்கிட்டச் சொல்ல அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீயும் கேட்டுறாத. நேந்தத வாய்விட்டுக் கேட்டா என்னாகும்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேர்த்தி வைத்தவர் அதைச் செய்து முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, மற்றவர் கேட்கவும் கூடாது. கேட்டால் நேர்த்தி கலைந்துவிடும், கலைந்தது கேட்டவர் தலையில் விடியும்.

ஜெயந்தினி பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். முகம் கொடுத்துப் பேசாத அம்மா, மனதுக்குள் தனக்காக அம்மனிடம் போய் நின்றிருக்கிறாள்! ஆனாலும் ஒரு பயம். "காப்புக் கட்டினா எல்லை தாண்ட முடியாதேண்ணே. பெறகு நான் எப்புடி..."

"இந்த வருசம் திருவிழாவச் சுருக்கிட்டோம். வெள்ளிக்கிழம பாரி கரைச்சுக் காப்பு அவுத்துருவாங்க. உனக்கு பிளேன் திங்கக்கிழம தானே? ஞாயித்துக்கிழம நானே உன்னைய ஹட்டனுக்கு ஏத்திக்கிட்டுப் போறேன்."

அவள் நம்பினாள். சந்தேகப்படுவதற்கு அவனிடம் அவள் எதைக் கண்டாள்?

வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு ஏறியது. முதல் பாரி வளர்க்கிற பெண்ணுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். ஒருவேளைச் சோறு. காலில் செருப்புக் கூடாது. காப்பு அவிழும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். பழகிய சப்பாத்து வாசலில் கிடந்தது. அவள் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து, பக்கத்து இருட்டறையில் வரிசையாக வைத்திருந்த பாரிச் சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். நவதானியம் முளைவிட்டு மஞ்சளாய் எழும்பியது. பக்கத்து லயத்துப் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டினார்கள்.

அம்மாவின் முகத்திலும் ஒரு மாற்றம். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பலை மகள் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒருநாள் நீலப் பைக்குள் ஒரு புதுக் கம்பளித் தொப்பி இருந்தது. யார் வைத்தது என்று ஜெயந்தினி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. 'அம்மா இளகிட்டாங்க. எல்லாம் அந்த நேர்த்தியால,' என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. பூசாரி பழனியாண்டி பாரி அறைக்குள் எட்டிப் பார்த்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்பவர், திருவிழா நாட்களில் மட்டும் லீவு போட்டுக் கோயிலே கதியென்று கிடப்பார்.

"நல்லா எழும்பியிருக்கு தாயி. கரைக்கிற அன்னிக்கு ஒரு மொழம் நிக்கும்."

"நாளைக்குள்ள ஒரு மொழம் வந்துருமா மாமா?"

"நாளைக்கா? நாளைக்கு எதுக்கு?"

"நாளைக்குத் தானே கரைக்கிறோம்? வெள்ளிக்கிழம."

பழனியாண்டி சிரித்தார். "அடிப்பாவி, அது அடுத்த வெள்ளி! நாளைக்குக் கரைச்சா இதுல என்ன இருக்கு, கரைக்க?"

ஜெயந்தினியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. "இந்த வருசம் சுருக்கிட்டாங்கன்னு அண்ணன் சொன்னுச்சே."

"யாரு, நிரோஷனா? அவன்தானே வருசப் பொறப்புக்குப் பின்னால தள்ளி வையுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னான்! நாங்க பங்குனியிலயே முடிச்சுருவோம்னுதான் சொன்னோம். சுருக்குறதப் பத்தி யாரும் பேசவே இல்லையே. ஏன் தாயி, மொகம் இப்புடிப் போகுது?"

அவள் செம்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அண்ணன் எங்கோ கணக்குத் தவறிவிட்டான், வேறொன்றும் இருக்காது என்று மனது சொன்னது. அப்படியே இருந்தாலும், அடுத்த வெள்ளி வரை அவள் எல்லை தாண்ட முடியாது. திங்கட்கிழமை விமானம் அவளுக்காக நிற்காது.

சிக்னல் கிடைக்கும் பாறைக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது. இல்மா.

"ஜெயா, உம்மா மாசிக் கருவாட்டுச் சம்பல் ரெண்டு போத்தல் போட்டிருக்காங்க, ஒண்ணு உனக்கு. பையில எடம் வைச்சுக்க. ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு வாற?"

"இல்மா..."

"என்னடி, கொரலு ஒரு மாதிரி இருக்கு? பயந்துட்டியா? நீ பயந்தா எங்க வாப்பா என்னைய மூட்டையோட கடையில உக்கார வச்சிருவாரு, சொல்லிப்புட்டேன்!"

இல்மா சிரித்தாள். ஜெயந்தினி "பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு அடக்க முடியவில்லை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்பதும், கேட்டால் தன் தலையில் விடியும் என்பதும் தெரிந்தே கேட்டாள்.

"எதுக்கும்மா நேந்தீங்க? போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் பத்தாதா? அம்மன வச்சு என் காலக் கட்டணுமா?"

காளியாயி நிமிர்ந்தாள். கண்ணில் வெங்காயக் கண்ணீர்.

"நானா? நான் என்னாத்தடி நேந்தேன்?"

"மொதல் பாரி. நான் நல்லபடியாப் போயிட்டு வரணும்னு."

"அது நீ நேந்தது தானே!"

"நான் எங்கம்மா நேந்தேன்?"

வெங்காயம் அம்மாவின் கையிலிருந்து உருண்டு அடுப்படி மூலைக்குப் போனது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிரோஷன் சொன்னான்," என்றாள் காளியாயி மெதுவாக. "தங்கச்சி நேந்துருக்காம்மா, வெள்ளியோட காப்பு அவுந்துரும், கேட்டுறாதீங்க, நேர்த்தி கலைஞ்சிரும்னு. நானும் நெனச்சேன், நம்ம புள்ள நம்மள மதிக்கலனாலும் ஆத்தாள மதிக்குது, அது எங்க போனாலும் ஆத்தா பாத்துக்குவா, போகட்டும்னு. அதனாலதான்டி நான் வாயத் தொறக்கல."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னுச்சும்மா. நீங்க நேந்துருக்கீங்க, கேட்டுறாதன்னு."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். பேசாமல் இருந்த அவ்வளவு நாளையும் ஒருவன் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். அவனே இருவருக்கும் நடுவில் நின்று செய்தி சொன்னவன்.

பகல் சாப்பாட்டுக்கு நிரோஷன் விசில் அடித்தபடி வந்தான். த்ரீவீலர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியவன், இரண்டு முகங்களையும் பார்த்தான். விசில் நின்றது.

"பாரி எப்பண்ணே கரைக்கிறாங்க?"

"அது... கமிட்டியில ஒரு சின்னக் கொழப்பம். நான் உங்கிட்டச் சொல்லணும்னுதான்..."

"யாரு நேந்தது?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன்டா, என் பேரையும் அவ பேரையும் மாத்தி மாத்திப் போட்டு விளையாட ஒனக்கு ஆத்தாதான் கெடைச்சாளா?"

நிரோஷன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.  பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"உடப்புசல்லாவையில கேட்டாங்கம்மா. கல்யாணமாகாத பொண்ணு, யாரோட போகுது, எங்க தங்குதுன்னு. அப்புடிப்பட்ட வீட்டுக்கு எங்க புள்ளையக் குடுக்க மாட்டோம்னு சர்மிளாவோட அப்பா சொன்னாரு. அவ போகமாட்டா மாமான்னு சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"தையில."

ஜெயந்தினி மனதுக்குள் பின்னோக்கிப் போனாள். தையில்தான் அவன் நீலப் பையை வாங்கி வந்தான். தோளில் மாட்டிவிட்டு, வாரை இழுத்துச் சரிசெய்து, "வெள்ளைக்காரி மாதிரி இருக்க" என்று சிரித்தான். அன்று அவன் வாயில் இருந்த சிரிப்பு எது? அதற்கு முன்போ பின்போ அந்த ஆளிடம் 'போகமாட்டா' என்று சொன்ன வாய் எது?

"அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. போகாத, என் கல்யாணம் நின்னுரும்னு."

"சொன்னா நீ அழுவ. நான் எப்புடிப் போகாதன்னு சொல்றது? நீ எவ்வளவு ஆசையா இருந்த?"

"அதனால அம்மன் சொல்லட்டும்னு விட்டுட்டியா?"

அவன் தலை கவிழ்ந்தான். அதுதான் அவன் கணக்கு. தேதி தள்ளிப் போனால், காப்பு ஏறினால், விமானம் தானாகப் போய்விடும். தங்கை அழுவாள். அண்ணன் ஆறுதல் சொல்வான். அடுத்த வருசம் போகலாம் என்பான். அவன் யாருக்கும் இல்லை என்று சொன்னதாகவே இருக்காது. பழி முழுவதும் ஆத்தாளுடையது. அவள் எந்தப் பழியையும் தாங்குவாள்.

ஜெயந்தினி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவள் குரல் இப்போது அமைதியாக இருந்தது.

"அண்ணே, என்னையப் பாரு. போகாதன்னு உன் வாயால ஒரு தடவ சொல்லு. உன் கல்யாணத்துக்காகச் சொல்லு. நான் இருந்துர்றேன். சத்தியமா இருந்துர்றேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். இல்மாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள், பையைப் பிரித்துச் செங்கல்லைக் கொட்டியிருப்பாள். அவனும் அது தெரிந்துதான் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"நான் எப்பம்மா உன்னையப் போக வேணாம்னு சொன்னேன்?" என்றான். "நீ போகணும்னுதான் நானும் நெனைக்கிறேன்."

ஜெயந்தினி எழுந்தாள். அந்த இடத்தில்தான் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அவன் பொய் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பாள். உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவன் உள்ளே வரவில்லையே.

காளியாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாடி," என்று மகளின் கையைப் பிடித்தாள். குவைத்திலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அம்மா இவ்வளவு வேகமாக நடந்து ஜெயந்தினி பார்த்ததில்லை. கோயில் முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, காப்ப அவுத்து விடுங்க," என்றாள் காளியாயி, பழனியாண்டியிடம்.

"என்ன காளியாயி, வெளையாடுறியா? கட்டின காப்ப நடுவுல அவுக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நேந்தவங்க இருந்தாத் தானே காப்பு? நான் நேரல. அவளும் நேரல. என் மகன் எங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்லியிருக்கான். நீங்களே கூப்புட்டுக் கேளுங்க."

நிரோஷன் பின்னாலேயே வந்து பந்தல் கம்போரம் நின்றிருந்தான். பழனியாண்டி அவனைப் பார்த்தார்.

"ஏன்டா, கமிட்டியில வந்து என்ன சொன்ன? எங்க வீட்டு நேர்த்தி, மொதல் பாரிய எங்களுக்கே குடுங்கன்னு சொன்னியே. யாரு நேர்த்திடா அது?"

நிரோஷன் எப்போதும் போலச் சிரிக்கப் பார்த்தான். யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை. முற்றத்தில் கம்பு நட்ட கடப்பாரைச் சத்தமும் நின்றிருந்தது.

பழனியாண்டி நீண்ட நேரம் அம்மன் பக்கம் திரும்பி நின்றார். என்ன கேட்டாரோ, என்ன பதில் வந்ததோ. கற்பூரம் ஏற்றினார். பிறகு ஜெயந்தினியின் கையை இழுத்து, முடிச்சை நகத்தால் நெம்பினார். நனைந்து இறுகியிருந்த முடிச்சு சுலபத்தில் விடவில்லை.

"ஆத்தா பேரச் சொல்லிப் பொய்யக் கட்டினா அது வெறும் கயிறு. காப்பு இல்ல," என்றார். "பாரிய என் மக பாத்துக்குவா. நீ போ தாயி. ஊரு பேசுறத நான் கேட்டுக்கிறேன்."

ஊர் பேசத்தான் செய்தது. காப்பை அவிழ்த்துவிட்டு வெளிநாடு போகிறாள், மழை வராது, மழை வந்தால் மண் சரியும் என்றெல்லாம் பேசினார்கள். அன்று கேலி செய்த பெண்களில் சிலர் வழியில் கண்டும் காணாமல் போனார்கள். கான் வெட்டச் சொன்னவள் மட்டும் வாசலில் நின்று, "போயிட்டு வாடி, அந்த ஊரு மலை நம்ம மலைய விடப் பெருசான்னு பாத்துட்டு வந்து சொல்லு," என்றாள்.

ஞாயிறு காலை. பையில் செங்கல் இல்லை. ஆனாலும் கனத்தது. அம்மா வாசல் வரை வந்தாள். "எவனாவது கைய ஓங்கினான்னா திருப்பி அடிச்சிட்டு மறுபிளேன்ல வந்துரு," என்றாள். அதுதான் அவள் ஆசீர்வாதம்.

வீட்டுக்கு முன்னால் த்ரீவீலர் கழுவித் துடைத்து நின்றது. நிரோஷன் பின் இருக்கையில் ஒரு துண்டைக்கூட விரித்து வைத்திருந்தான்.

"ஏறும்மா. ஹட்டன்ல எறக்கி விடுறேன். சொன்னேன்ல?"

அவனுடைய முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. ஜெயந்தினிக்கு அதுதான் பயமாக இருந்தது. ஹட்டனுக்குப் போகிற பாதையில் எந்த வளைவில் வண்டி 'பழுதாகும்', எந்த இடத்தில் பெட்ரோல் 'முடியும்' என்று அவளால் இனிச் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து அவன் முதுகைப் பார்த்தபடி பயணம் போனவள் அவள்.

"பஸ்ஸுல போறேன்," என்றாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கம் ஏது? "சரிம்மா, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே மஸ்கெலியா வரை வந்தான். பஸ் நிலையத்தில் இறங்கி ஓடி வந்து பையை வாங்கக் கை நீட்டினான். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள். பையோடு தானே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றான். கண் கலங்கியிருந்தது. "கோவமா?" என்றான்.

மூன்று நாட்களாக அவனுக்குச் சொல்ல அவள் எத்தனையோ வைத்திருந்தாள். இப்போது ஒன்றே ஒன்று தொண்டைக்கு வந்தது. எப்படியும் அண்ணன் இல்லையா? 'போயிட்டு வர்றேண்ணே' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவன் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். பஸ் இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்க மாமா... ஆமா மாமா... ஜெயந்தினியா? எங்கயும் போகலயே. வீட்டுலதான் இருக்கு. இப்பத்தான் பாரிக்குத் தண்ணி ஊத்தக் கோயிலுக்குப் போச்சு."

ஜெயந்தினி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க தங்கச்சி?"

"ஹட்டன்," என்றாள். "ஓராள் மட்டும்."